பெட்டிக்குள் ஒரு கொசுறு

காலையிலிருந்து அந்த வீட்டில் யாருக்கும் கால் தரையில் பாவவில்லை. கூடத்தின் நடுவில் எட்டு அட்டைப்பெட்டிகள் இரண்டு வரிசையாக நின்றன. குறுக்கே போகிறவர்கள் எல்லாரும், தொட்டிலில் கிடக்கும் பச்சைக் குழந்தையை எட்டிப் பார்ப்பது போல, ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்கள்.

பெட்டிகளுக்குள் இருந்தவை நகப்பூச்சுக் குப்பிகளும் வாசனை ஸ்ப்ரே டப்பாக்களும். பின்னறையில் மகன் நிறம் கலக்குவான். மூடி திருகுவது அவன் அம்மா. அவள் திருகிய மூடியைத் திறக்க வாங்கியவர்கள்தான் பாடுபட வேண்டும். சீட்டு ஒட்டுவதும் பெட்டி கட்டுவதும் கணக்கு எழுதுவதும் மருமகள். இதுவரை பக்கத்து ஊர்க் கடைகளைத் தாண்டிப் போகாத சரக்கு, இன்று முதன்முறையாகக் கடல் தாண்டப் போகிறது. அங்கே ஒரு பெண்மணி புதிதாக அழகுப்பொருள் கடை திறக்கிறாள். ஆர்டர் கொடுத்தபோதே கறாராகச் சொல்லிவிட்டாள்: "திறப்பு அன்னிக்கு என் அலமாரி காலியா இருக்கக் கூடாது. வரலைன்னா வேற கம்பெனிச் சரக்க அடுக்கிருவேன். அப்புறம் எடுத்துட்டு உங்களத வைக்க மாட்டேன்." அந்தத் திறப்புக்கு முன்னால் அங்கே போய்ச் சேரக்கூடியது இன்றைய மதிய விமானம் ஒன்றுதான்.

விமானத்தில் நகப்பூச்சு அனுப்புவது லேசுப்பட்ட காரியமில்லை. கண்ணுக்கு அழகாக இருக்கிறதே தவிர, ஒரு பொறி பட்டால் குப்பென்று பிடித்துக்கொள்ளும். ஸ்ப்ரே டப்பாவோ வாயுவை அடைத்துவைத்த குண்டு. சட்டத்தின் கண்ணுக்கு இரண்டுமே ஆபத்தான சரக்கு. சின்னச் சின்ன அளவில் கடைக்குப் போகிற பொருள் என்பதால் 'நுகர்பொருள்' என்று ஒரு சலுகை உண்டு. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு எடை என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பெட்டியின் மேலும் அதற்கான குறிகளை ஒட்ட வேண்டும். அந்தக் கையெழுத்தைப் பயிற்சி எடுத்துத் தேர்வில் தேறியவர்தான் போடலாம். அந்த வீட்டில் தேறியவள் மருமகள். தேறி வந்த அன்றிலிருந்து அவளுக்கு மாமனார் வைத்த பேர் 'டேஞ்சர்'.

"டேஞ்சர், டீ ஆறுது," என்றார் மாமனார் இப்போதும்.

"வச்சிருங்க மாமா. இந்த ஒரு ஸ்டிக்கர் கோணலா இருக்கற மாதிரி இருக்கு."

"எங்க கோணல்? உன் கண்ணுதான் கோணல். காலையிலேருந்து இதோட நாலு தடவை அதையே பாத்துட்டே," என்றாள் மாமியார்.

கோணல் இல்லை. மேலேயும் கீழேயும் கறுத்து நடுவில் ஓர் எழுத்து நிற்கும் சாய்சதுரம், சின்ன அளவு என்பதற்கான குறி. அதன் பக்கத்தில், மேல்பாதியில் வரிக்குதிரை போலக் கோடு போட்டு அடியில் ஆபத்து வகுப்பைக் காட்ட ஒன்பது என்று எழுதிய இன்னொரு சாய்சதுரம். இரண்டும் பெட்டியின் ஒரே பக்கத்தில், மூலையில் மடங்காமல், டேப்புக்கு அடியில் மறையாமல் இருந்தன. அவற்றுக்குக் கீழே அவள் கையாலேயே பட்டையாக எழுதிய எடை.

"ஒன்பதாம் வகுப்பாமே?" என்று மாமியார் அந்த ஒன்பதைத் தடவிப் பார்த்தாள். "நானும் அதோட நின்னவதான். என்னையும் ஏத்திவிடு."

"நீங்க எடை ஜாஸ்தி அத்தை. சலுகையில வர மாட்டீங்க."

பின்னறையிலிருந்து மகன் சிரித்த சிரிப்பில் கலக்கும் கம்பி பாத்திரத்தில் மோதிச் சத்தம் போட்டது.

மருமகள் குளித்துவிட்டு வந்தபோது மாமனார் பெட்டிகளுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் டேப் உருளை.

"என்ன மாமா கையில டேப்பு?"

"ஒரு மூலை தூக்கிட்டு நின்னுது. அமுக்கி விட்டேன்."

மாமனார் ஒட்டினால் ஒட்டியதுதான். ஒரு காலத்தில் வளையல், ரிப்பன், பவுடர் விற்கும் கடை வைத்திருந்தவர். பொட்டலம் கட்டுவதில் அவர் விரல்களை யாரும் மிஞ்ச முடியாது. அவள் எட்டுப் பெட்டிகளையும் ஒரு முறை பார்த்தாள். எல்லாம் வழவழவென்று, ஒரு சுருக்கம் இல்லாமல் இருந்தன. திருப்தியாக வேனில் ஏற்றித் தானும் ஏறிக்கொண்டாள். வேன் தெருமுனை திரும்பும்வரை நாலு பேரும் வாசலில் நின்று, ஏதோ பெண்ணை வெளிநாட்டுக்கு அனுப்புவது மாதிரி கையசைத்தார்கள். நாலாவது ஆள் எதிர்வீட்டுக்காரர். எதற்கென்று தெரியாமலே அவரும் அசைத்தார்.

விமான நிலையச் சரக்குக் கிடங்கின் வாசலிலேயே சரக்கு அனுப்பித் தரும் ஏஜென்ட் காத்திருந்தார். எதைக் கேட்டாலும் "ஆச்சு" என்று சொல்வதால் அவர் பெயரே ஆச்சு என்றாகிவிட்டது. சுங்கம்? ஆச்சு. இடம் பிடித்தது? ஆச்சு. சாப்பிட்டாரா என்று கேட்டாலும் அதே பதில்தான். அது பெரும்பாலும் பொய்.

"உங்க வேன் வர்றதுக்கு முன்னாடியே உங்க வாசனை வந்துருச்சு மேடம்," என்றார் ஆச்சு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"வாசனையா? எங்க மூக்கு அதுக்கெல்லாம் செத்துப் பல நாளாச்சுங்க."

உள்ளே உயரமான தகரக் கூரை. பாலிதீன் திரைகளை விலக்கிக்கொண்டு ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள் சரக்கைத் தூக்கிக்கொண்டு சர்சர்ரென்று போயின. நடப்பவர்கள்தான் ஒதுங்க வேண்டும். தூரத்தில் ஒரு கதவு திறந்தபோதெல்லாம் விமானத்தின் இரைச்சல் காற்றோடு உள்ளே பாய்ந்தது.

ஆபத்தான சரக்குக்கென்று தனி மேசை. அங்கே கழுத்துக் கயிற்றில் கண்ணாடி தொங்க ஒரு சோதனை அதிகாரி உட்கார்ந்திருந்தார்; நடுவயதுப் பெண்மணி. சிரிப்பதில் சிக்கனம் பார்க்கிறவர் என்பது முகத்திலேயே தெரிந்தது. ஓரத்தில் சிவப்புக் கோடு போட்ட அறிக்கையை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பேனா ஒவ்வொரு கட்டமாக இறங்கியது. அனுப்புகிறவர் முகவரி, சரி. பொருளின் பெயர், சரி. வகுப்பு, சரி. கையெழுத்து.

"இது நீங்களா?"

"நான்தான் மேடம்." குரல் கொஞ்சம் கீச்சிட்டது.

"முதல் தடவையா?"

"எப்படித் தெரியுது?"

"கையெழுத்து ரொம்ப அழகா இருக்கு. பழகினவங்க கிறுக்குவாங்க."

ஆச்சு தொண்டைக்குள் சிரித்தார். மருமகளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அதிகாரி எழுந்து ஒவ்வொரு பெட்டியாகச் சுற்றி வந்தார். பேனா சரி, சரி என்று போட்டுக்கொண்டே போக, ஒவ்வொரு சரிக்கும் மருமகள் தன்னையறியாமல் குதிகாலைத் தூக்கி இறக்கினாள். பள்ளிக்கூடத்தில் பரிசுக்குப் பேர் படிக்கும்போது நின்ற மாதிரி.

"தராசுல வைங்க."

தரையோடு தரையாகப் பதித்த தராசு. முதல் பெட்டி: எழுதியபடியே. இரண்டாவது: எழுதியபடியே. ஆச்சு கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ஆச்சு மேடம், இன்னிக்கு நம்ம பெட்டி மேகத்துல," என்றார். மூன்றாவது பெட்டி ஏறியது.

அதிகாரி குனிந்து எண்ணைப் பார்த்தார். பெட்டியின் மேல் எழுதியதைப் பார்த்தார். மறுபடி எண்ணைப் பார்த்தார்.

"நானூறு கிராம் கூட இருக்கே."

பெட்டியை இறக்கி மறுபடி வைத்தார்கள். அதே நானூறு. முதல் பெட்டியை மறுபடி வைத்துப் பார்த்தார்கள். அது எழுதியபடியே நின்றது. தராசு பொய் சொல்லவில்லை.

"ஃபெயில்," என்றார் அதிகாரி, அறிக்கையின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு. "ஒரு கட்டம் தப்புன்னாலும் எட்டையுமே எடுக்க முடியாது."

ஆச்சு பாய்ந்து வந்தார். "அட, இதுக்குப் போயி! எடைய அடிச்சுட்டுப் புதுசா எழுதுங்க மேடம், அறிக்கையிலயும் திருத்திப் பக்கத்துல ஒரு கையெழுத்து. விதியிலயே இடம் இருக்கு. ஆச்சு!"

அதிகாரி மறுக்கவில்லை. கண்ணாடிக்கு மேலாக மருமகளைப் பார்த்தார். "இடம் இருக்கு. எடையத் தப்பா எழுதியிருந்தா திருத்தலாம். தப்பா எழுதினீங்களா?"

கேள்வி அவ்வளவுதான். ஆம் என்று தலையாட்டினால் போதும். ஒரு கோடு, ஒரு கையெழுத்து, பெட்டி வண்டி ஏறிவிடும். வெளியே கதவு திறந்தது. இரைச்சல் உள்ளே வந்து போயிற்று. அங்கே காலி அலமாரி முன்னால் நிற்கிற கடைக்காரி முகம் அவள் கண்முன் வந்தது. அவளைப் பார்த்தது கிடையாது, ஆனாலும் வந்தது. கூடவே நேற்று எடை போட்டதும் வந்தது. குப்பிக்குக் குப்பி எண்ணி வைத்து, இடைவெளியில் தாளைக் கசக்கிச் செருகி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு முள்ளைப் பார்த்து அவளேதான் எழுதினாள்.

"இல்ல மேடம். நான் சரியாத்தான் எழுதினேன்."

ஆச்சு தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அப்போ?"

"அப்போ உள்ள இருக்கறதுல ஏதோ ஒண்ணு நான் வச்சது இல்ல. கத்தி குடுங்க."

"மேடம், திறந்தா மறுபடி கட்டணும், மறுபடி வரிசை..."

"கத்தி குடுங்கன்னேன்ல!"

அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. ஆச்சு பாக்கெட்டிலிருந்து கத்தியை எடுத்து நீட்டினார். வழவழவென்ற அந்த டேப்பை அவள் கிழித்தாள். மேல் அடுக்குக் குப்பிகள் ஒழுங்காக இருந்தன. மூலையில் மட்டும் அவள் செருகிய தாளைக் காணோம். அங்கே இளஞ்சிவப்புத் துணி ஒன்று எட்டிப் பார்த்தது. ரிப்பன் கட்டிய ஒரு பொட்டலம். ரிப்பனில் ஒரு முடிச்சு. அந்த முடிச்சை உலகத்தில் ஒரே ஒரு மனுஷர்தான் போடுவார்.

தொட்டாள். கை வெடுக்கென்று பின்னால் போயிற்று.

"சூடா இருக்கு மேடம்!"

அதிகாரி எழுந்து வந்துவிட்டார். "தள்ளுங்க. மெதுவா எடுங்க. ஒதுக்கி அந்த சிமென்ட் தரையில வைங்க."

துணிக்குள் இருந்தது, நகப்பூச்சை உலர வைக்கும் கையடக்க விளக்கு. சார்ஜ் செய்கிற வகை. பக்கத்து ஸ்ப்ரே டப்பா ஒன்று அழுத்தியதில் அதன் பொத்தான் அமுங்கி, வேனில் ஏறிய நேரத்திலிருந்தோ என்னவோ, நீலமாக எரிந்துகொண்டிருந்தது. சுற்றிலும் குப்பென்று பிடிக்கும் குப்பிகள். அதற்குப் பக்கத்தில் வாயு டப்பாக்கள். மருமகள் பொத்தானைத் தேடி அணைத்தாள். ஆச்சு இந்த முறை ஆச்சு என்று சொல்லவில்லை.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டார். "இத நான் மேல எழுதித்தான் ஆகணும். அறிவிக்காத பேட்டரி. நீங்களே திறந்து எடுத்தீங்கன்னும் எழுதுவேன்." பிறகு குரலைக் கொஞ்சம் தணித்து, "எட்டையும் திறங்க. அதோ, அடுத்த சரக்கு பெயின்ட் டின், ஏகப்பட்டது. அத நான் பாத்து முடிக்கறதுக்குள்ள நீங்க கட்டி முடிச்சா இன்னிக்கே பாக்கறேன். முடிக்கலைன்னா நாளைக்குத்தான்."

மருமகள் போனை எடுத்து வீட்டுக்கு அழைத்து, ஸ்பீக்கரில் போட்டுப் பெட்டியின் மேல் வைத்தாள். கை அடுத்த டேப்பைக் கிழித்துக்கொண்டிருந்தது.

"மாமா! பெட்டியத் திறந்தீங்களா?"

மறுமுனையில் கேட்டுக்கொண்டிருந்த கலக்கும் கம்பியின் சத்தம் நின்றது.

"திறந்தேன்னு சொல்ல முடியாது. ஓரமா ஒரு இடுக்குல..."

"மாமா!"

"ஒரு கொசுறும்மா. புதுக்கடை திறக்கறா, வெறும் சரக்கு மட்டும் எப்படி அனுப்பறது? என் கடையிலேருந்து ஒரு ஹேர்பின்னாவது கூட வாங்காம யாராவது போயிருக்காங்களா?"

"ஹேர்பின்னா இது? பேட்டரி மாமா, பேட்டரி! எரிஞ்சுட்டு இருந்துச்சு!"

"அணைச்சுத்தானே வச்சேன்..." குரல் தேய்ந்தது. "ஐயோ. யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

"ஆகல. இன்னும் எதுல என்ன வச்சீங்க? சட்டுனு சொல்லுங்க."

"இன்னொண்ணுல சீப்பு. அஞ்சாவதோ ஆறாவதோ. மரச் சீப்பு, ஒரு டஜன். அவ்வளவுதான். உங்க அத்தை மேல சத்தியமா."

"என்ன எதுக்கு இழுக்கறீங்க?" என்று பின்னால் மாமியார் குரல் சீறியது. "நான் திருகின மூடியில ஒண்ணாவது கசிஞ்சிருக்கான்னு கேளுங்க!"

"கசியல அத்தை! வச்சுடறேன்!"

ஆச்சு சட்டைக் கையை மடக்கிவிட்டுத் தரையில் மண்டியிட்டார். அவள் குப்பிகளை எண்ணி எண்ணிப் பெட்டிகளை மூட, அவர் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவள் ஒட்ட, அவர் கத்தரித்தார். அவர் ஒட்டிய டேப் ஒன்று வரிக்கோட்டுச் சாய்சதுரத்தின் மேல் ஏறிவிட்டது. "ஐயோ, குறிய மறைக்கக் கூடாது!" என்று அவள் கத்தியதும், சுடுபாத்திரத்தைத் தொட்டவர் மாதிரி உரித்தெடுத்தார். விளக்கு இருந்த மூலைக்குத் தாள் வேண்டியிருந்தது. ஆச்சு தன் பையிலிருந்த பழைய செய்தித்தாளைக் கசக்கித் தந்தார். எடை போட்டார்கள். எழுதியதை விட ஒரு துளி அதிகம்.

"தாள் கனம்," என்று ஒரு பிடி எடுத்தாள். எண் சரியாக வந்து நின்றது.

ஆறாவது பெட்டியில் சீப்புகள் இருந்தன. குப்பிகளுக்கு இடையில், அவள் வைத்திருந்த தாளை விட நெருக்கமாக, ஒரு டஜன் மரச் சீப்பு மாமனார் கைவண்ணத்தில் உட்கார்ந்திருந்தது. எடை நூற்றைம்பது கிராம் கூடுதல். எடுத்துப் போடுவதற்காக ஒன்றில் கை வைத்தவள் நின்றுவிட்டாள்.

"மேடம்," என்று பெயின்ட் டின்களுக்கு நடுவில் நின்ற அதிகாரியைக் கூப்பிட்டாள். "மரச் சீப்பு இதே பெட்டியில போகலாமா?"

"சீப்பு என்ன வெடிக்கவா போகுது? போகலாம். ஆனா எடைய மாத்தணும். இன்வாய்ஸ்லயும் வரணும்."

"எடுத்துப் போடுங்க மேடம்," என்று ஆச்சு கெஞ்சினார். "ஒரு சீப்புக்காகவா!"

"அவங்க பெயின்ட் முடிக்க நேரம் இருக்கு. நீங்க இன்வாய்ஸ்ல ஒரு வரி சேருங்க: மரச் சீப்பு, ஒரு டஜன், விலையில்லாமல். இது நீங்க சொன்ன திருத்தம்தானே? அப்போ உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. இப்போ தெரியும். போடலாம்."

ஆச்சு அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு மடிக்கணினியை மடியில் வைத்துத் தட்டத் தொடங்கினார். சுங்கத்துக்கு ஒரு போன், அதில் ஒரு கெஞ்சல், ஒரு சிரிப்பு. "அனுப்பியாச்சு," என்றார் முனகலாக.

மருமகள் ஆறாவது பெட்டியின் மேல் பழைய எடையை ஒரே கோட்டால் அடித்துப் புதிய எடையைப் பட்டையாக எழுதினாள். சிவப்புக் கோட்டு அறிக்கையிலும், எத்தனை நகல் உண்டோ அத்தனையிலும், அதே எண்ணை மாற்றிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். இந்த முறை கை வேகமாக ஓடியது. முதல் கையெழுத்துக்குச் சொந்தக்காரியா இவள் என்று கேட்கும்படி ஒரு கிறுக்கல்.

அதிகாரி வந்தார். முதல் கட்டத்திலிருந்து மறுபடி. பெயர், சரி. குறி, சரி. தராசு: ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது பெட்டியின் எண்ணுக்காகக் குனிந்தபோது மருமகளும் ஆச்சுவும் ஒரே நேரத்தில் குனிய, மூன்று தலையும் கிட்டத்தட்ட இடித்துக்கொண்டன. சரி. ஆறாவது, சரி. எட்டாவதும் சரி.

அதிகாரி திருத்தத்தின் பக்கத்தில் இருந்த கிறுக்கலைப் பார்த்தார். சிக்கனத்தை விட்டு ஒரு சிரிப்புச் சிரித்தார். "பழகிட்டீங்க," என்று சொல்லிக் கடைசிக் கட்டத்தில் தன் கையெழுத்தையும் போட்டார்.

ஃபோர்க்லிஃப்ட் எட்டுப் பெட்டிகளையும் ஒரே தூக்காகத் தூக்கியது. சாய்சதுரங்கள் எல்லாருக்கும் தெரியும்படி வெளியே பார்த்துக்கொண்டு பாலிதீன் திரைக்குள் நுழைந்து மறைந்தன. திரை ஆடி நின்றது. மருமகள் கைதட்டினாள், தட்டியபிறகுதான் தட்டியது தெரிந்தது. பெயின்ட்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இப்ப சொல்லுங்க," என்றாள் ஆச்சுவிடம்.

"என்னத்த?"

"வழக்கமா சொல்வீங்களே."

அவர் முகமெல்லாம் பல்லாக, "ஆச்சு!" என்றார்.

கிடங்குக்கு வெளியே வேனில் சாய்ந்துகொண்டு அவள் வீட்டுக்கு அழைத்தாள். முதல் மணி முழுசாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டார்கள்.

"ஏத்தியாச்சு மாமா!"

அந்தப் பக்கம் மாமியார் கூவியதும், கணவன் ஏதோ பாத்திரத்தைக் கீழே போட்டதும் ஒன்றாகக் கேட்டன. ஆனால் மாமனார் குரல் மட்டும் எழும்பவில்லை.

"மன்னிச்சுக்கோ டேஞ்சர். நான் பாட்டுக்கு..." கேட்கலாமா வேண்டாமா என்ற குரலில், "அப்போ கொசுறு இல்லாமயே போயிருச்சு. இல்ல?"

"யார் சொன்னா? சீப்பு போகுது. பெட்டி மேல எடையோட, இன்வாய்ஸ்ல பேரோட, என் கையெழுத்தோட போகுது."

"நிஜமாவா!" அந்தக் கத்தலில் அவள் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள்.

"ஆனா மாமா, இனிமே கொசுறு முதல்ல என் தராசுக்கு வரணும். அப்புறம்தான் பெட்டிக்கு. டேப்பு உங்க கைக்கு வரவே வராது."

"டேப்பு மட்டும் என்கிட்ட இருக்கட்டும்மா. நீ ஒட்டறது சுருங்குது."

அவள் பதில் சொல்ல வாயெடுத்தபோது கூரைக்கு மேல் பெரிய இரைச்சல் கிளம்பியது. அது இவர்கள் விமானமா வேறா என்று தெரியாது. ஆனாலும் போனை வானத்தைப் பார்த்து நீட்டிப் பிடித்தாள், வீட்டில் எல்லாரும் கேட்கட்டும் என்று.